மேற்குச் சென்னைப் புறநகரில் புதிய தனி வீடு வாங்குதல்

மேற்குச் சென்னைப் புறநகரில் புதிய தனி வீடு வாங்குதல் என்பது, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் கட்டுநர் ஒருவர் கட்டி முடித்த வீட்டை, அது நிற்கும் மனையுடன் சேர்த்து விலைக்கு வாங்குவதைக் குறிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்குபவருக்கு நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் மட்டுமே கிடைக்கும். தனி வீட்டில் நான்கு எல்லைக்கு உட்பட்ட மனை முழுவதும் அவர் பெயருக்கு வருகிறது. முதல் முறையாக வீடு வாங்கும் குடும்பங்கள் பல தனி வீட்டை விரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இத்தகைய வீட்டில் கட்டடம் புதியது, நிலம் பழையது. சுவர்ப்பூச்சு, தரைக்கல், மாடுலர் சமையலறை ஆகியவை கண்ணில் படும். அந்த நிலம் முன்பு ஏரியாக இருந்ததா, கோயில் சொத்தா, அரசு கையகப்படுத்தியதா, பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தா என்பது ஆவணங்களில்தான் தெரியும். வாழ்நாள் சேமிப்பை இழக்கச் செய்யும் சிக்கல்கள் பெரும்பாலும் நிலத்தின் வரலாற்றிலிருந்தே வருகின்றன. அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்ப்பது முறையான வரிசையாகும்.

பகுதியின் பின்னணி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களால் ஆனது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, அயனம்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவை இன்றும் உள்ளன. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவான பின், வேலைக்கு வந்தவர்களுக்காக வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் பெரிய குடியிருப்புத் திட்டங்களை அமைத்தது. முகப்பேர் ஏரித் திட்டம் என்ற பெயரே அந்த நிலம் முன்பு எதுவாக இருந்தது என்பதைச் சொல்கிறது.

நிர்வாக அமைப்பும் இடத்துக்கு இடம் வேறுபடும். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம்; அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆவடி 2019-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. உள்ளாட்சி எல்லைகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், ஒரு மனை எந்த உள்ளாட்சி, எந்த வட்டாட்சியர் அலுவலகம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை, சொத்து வரி ஆகிய அனைத்தும் இதைப் பொறுத்தவை.

நிலத்தின் வகை

ஒரு நிலம் அரசுப் பதிவேட்டில் என்ன வகையில் உள்ளது என்பதை வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு காட்டும். ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால், களம் எனப் பதிவாகியிருந்தால் அது புறம்போக்கு. அதைத் தனியார் விற்க முடியாது. புறம்போக்கு நிலமா என்பதை அரசின் இணைய நிலப் பதிவேடுகளில் புல எண் கொடுத்தும் அறியலாம். இந்த வட்டாரத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை:

• நீர்நிலை: திருவேற்காட்டை அடுத்த கோலடி ஏரிப் பகுதியில், ஆக்கிரமிப்பு எனக் கண்டறியப்பட்ட வீடுகள் மீது 2024-ல் அரசு நடவடிக்கை எடுத்தது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இதற்கு அதிகாரம் அளிக்கிறது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் ஏரி நிலத்தைப் பட்டா நிலமாக மாற்றுவதில்லை.

• நில உச்சவரம்பு: 1978-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ், இப்பகுதியில் பல நிலங்கள் உபரி என அரசால் எடுக்கப்பட்டன. சட்டம் 1999-ல் நீக்கப்பட்டாலும், அதற்கு முன் அரசு சுவாதீனம் எடுத்த நிலம் அரசுக்கே உரியது. பழைய உரிமையாளரின் பெயரில் பத்திரம் இருப்பதை வைத்து அது மனையாக விற்கப்பட்டிருக்கலாம். நகர்ப்புற நிலவரி அலுவலகத்தில் புல எண்ணைக் கொடுத்து இதைச் சரிபார்க்க வேண்டும்.

• வீட்டுவசதி வாரியம்: வாரியத்தின் நில எடுப்பு அறிவிப்பில் அடங்கிய புல எண்ணா என்பதை வாரியத்திடமே கேட்டு அறிய வேண்டும்.

• கோயில், வக்பு, பஞ்சமி நிலங்கள்: இவற்றை வாங்கினாலும் உரிமை நிலைக்காது. கோயில் நிலம் குறித்து இந்து சமய அறநிலையத் துறையிடமும், வக்பு நிலம் குறித்து வக்பு வாரியத்திடமும் விசாரிக்கலாம்.

• நீர்ப்பிடிப்பும் பாதுகாப்புத் துறை நிலமும்: 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. ஆவடியைச் சுற்றிப் பாதுகாப்புத் துறை நிலங்களை ஒட்டிய மனைகளுக்கு அத்துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுவதுண்டு.

உரிமை ஆவணங்கள்

விற்பவருக்கு நிலம் எப்படி வந்தது என்ற தொடர் எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். அதற்குப் பின்வரும் ஆவணங்கள் தேவை.

• தாய்ப்பத்திரம்: இன்றைய விற்பனைக்கு அடிப்படையான பழைய பத்திரம். அதிலிருந்து இன்றுவரை உள்ள அனைத்துப் பத்திரங்களின் மூலங்களையும் நேரில் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லப்பட்டால், அது எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.

• வில்லங்கச் சான்று: குறித்த காலத்தில் அந்தச் சொத்து மீது பதிவான விற்பனை, அடமானம், தானம் முதலியவற்றின் பட்டியல். 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். பதிவு செய்யப்படாத உயில், பதிவாகாத அடமானம், நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை இதில் தெரியாமல் போகலாம். 'வில்லங்கம் இல்லை' என்ற சான்று மட்டும் போதாது என்பது இதனால்தான்.

• பட்டாவும் புலப்படமும்: பட்டா யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்று காட்டும், புலப்படம் நிலத்தின் வடிவத்தையும் அளவையும் காட்டும். அம்பத்தூர் போன்ற நகரப் பகுதிகளில் பழைய கிராமப் புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகரப் புல எண் இருக்கும். இரு எண்களும் ஒரே நிலத்தைக் குறிப்பதை உறுதி செய்ய வேண்டும்.

• வாரிசுச் சான்று: உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அந்நாள்வரை மணமாகாதிருந்த இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரிவாக்கியது. மகள்களை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிய பாகப்பிரிவினை, பல ஆண்டுகள் கழித்தும் வழக்காக வரக்கூடும்.

• பவர் பத்திரம்: நில உரிமையாளரிடம் பொது அதிகாரம் பெற்றுக் கட்டுநர் விற்பது இங்கு வழக்கம். அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதையும், பவர் ரத்தாகவில்லை என்பதையும் பதிவு நாளில் சரிபார்க்க வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துச் சொத்துரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது.

பத்திரம் பதிவானதாலேயே உரிமை உறுதியாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பதிவு என்பது பரிவர்த்தனை நடந்ததற்கான பதிவேயன்றி, விற்றவருக்கு உரிமை இருந்தது என்பதற்கான அரசு உத்தரவாதம் ஆகாது. வங்கிக் கடன் கிடைத்ததும் அவ்வாறே. வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் நலனுக்காகப் பார்க்கிறார். வாங்குபவர் தனக்கெனத் தனி வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து பெறுவதற்கு ஆகும் செலவு, வீட்டு விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

மனை அனுமதியும் கட்டட அனுமதியும்

இவை இரண்டும் வெவ்வேறு அனுமதிகள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது இப்பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் பல ஆண்டுகள் மனைகள் விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. பின்னர், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் வகுத்தது. பழைய மனையில் புதிய வீடு என்றால், வரன்முறை ஆணையையும் கட்டணம் செலுத்திய ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, 1,200 அல்லது 600 சதுர அடி மனையில் வரிசை வீடுகள் கட்டி விற்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிப்புக்கும் தனி அனுமதி தேவை. அனுமதி ஒரு வீட்டுக்கு, கட்டியிருப்பது இரண்டு வீடு என்றால் பின்னாளில் பட்டா உட்பிரிவும் மறுவிற்பனையும் சிக்கலாகும்.

கட்டடம் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு உட்பட்டது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறிய தனி வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு. இந்த ஏற்பாடு மக்களுக்கு வசதியானது. ஆனால் அரசு அலுவலர் யாரும் முடிந்த வீட்டை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே விற்பனை நடக்கலாம். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்க இடைவெளி, மாடிகளின் எண்ணிக்கை, அறை அளவு ஆகியவற்றை டேப் பிடித்து அளக்க வேண்டியவர் வாங்குபவரே.

ரெரா சட்டத்தின் எல்லை

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'ரெரா' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. இதன்படி பதிவான திட்டங்களில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. எனவே ஒரு கிரவுண்டில் இரண்டு, நான்கு என்று கட்டப்படும் வீடுகள் ரெரா பதிவுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை வாங்குபவர், குறை நீக்கும் பொறுப்பு எத்தனை ஆண்டு, எவற்றுக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அவசியம்.

கட்டடத்தைப் பார்வையிடுதல்

பகலில் ஒரு முறையும் கனமழைக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர், ஆவடி ஆகிய இடங்களில் வெள்ளம் சூழ்ந்தது. அந்த நாட்களில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

• பேஸ்மட்டம்: சாலை மட்டத்தைவிட எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். சாலை மறுபடி போடப்படும்போது அதன் உயரம் கூடும்.
• அடித்தளம்: ஏரி அருகே உள்ள களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். மண் பரிசோதனை செய்யப்பட்டதா, எவ்வகை அடித்தளம் என்று கேட்க வேண்டும். பில்லரிலும் பீமிலும் தெரியும் விரிசலைப் பொறியாளரிடம் காட்டாமல் விடக் கூடாது.
• ஓதம்: புதுப் பூச்சு ஓதத்தை மறைக்கும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், மாடித் தளத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்.
• தண்ணீர்: ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவா என்பதையும் விசாரிக்க வேண்டும்.
• கழிவுநீர்: பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளதா, செப்டிக் டேங்க் மட்டுமா, அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும்.
• பாதை: மனைக்குச் செல்லும் வழி பொதுச் சாலையா, தனியார் நிலமா என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பணக் கணக்கு

எடுத்துக்காட்டாக 60 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உண்டு. முழு விலைக்கும் கிரயப் பத்திரம் எழுதினால் கணக்கு இவ்வாறு வரும்:

• முத்திரைத் தீர்வை: 4,20,000 ரூபாய்
• பதிவுக் கட்டணம்: 1,20,000 ரூபாய்
• ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வரம்பு, சொத்து மதிப்பில் 80 விழுக்காடு: 48,00,000 ரூபாய்
• கைப்பணம்: விலையில் எஞ்சிய 12,00,000 ரூபாயும் மேற்கண்ட 5,40,000 ரூபாயும் சேர்த்து 17,40,000 ரூபாய்

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சொத்து மதிப்பில் சேராததால் வங்கி அதற்குக் கடன் தராது. வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் செயலாக்கக் கட்டணம், மின்விசிறி முதல் கதவு வலை வரையிலான குடிபுகும் செலவு ஆகியவை இதற்கு மேல். 'விலையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும்' என்று தொடங்குபவர்கள் பதிவு நாளில் கந்துவட்டி வாங்க நேர்வது இந்த 5,40,000 ரூபாயைக் கணக்கில் சேர்க்காததால்தான்.

48 லட்சம் கடனுக்கு 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். மொத்தம் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். அதில் 52 லட்சத்துக்கு அருகில் வட்டி மட்டும். வட்டி விகிதம் மாறக்கூடியது என்பதால் குடும்ப வருமானத்தில் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்திவிட்டு மீதியை விற்பவருக்குத் தர வேண்டும். விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டு, பத்திரத்தில் குறைத்துக் காட்டச் சொல்வது நடைமுறையில் உண்டு. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தகராறு வந்தால் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சான்றும் இருக்காது.

அரசு உதவியும் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள் உள்ள, நாட்டில் எங்கும் சொந்த வீடு இல்லாத குடும்பங்களுக்குப் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0, 35 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டுக்கு வாங்கும் 25 லட்சம் வரையிலான கடனுக்கு அதிகபட்சம் 1,80,000 ரூபாய் வட்டி மானியம் தருகிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. மேலே கண்ட 60 லட்சம் வீடு இவ்விரு வரம்புகளுக்கும் வெளியே இருப்பதைக் கவனிக்கலாம்.

ஒப்பந்தமும் பதிவும்

முன்பணம் கொடுக்கும் முன் விற்பனை ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தப் பதிவு கட்டாயம். ஆவணத்தில் குறை தெரிந்தாலோ கடன் மறுக்கப்பட்டாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். 'டோக்கன் அட்வான்ஸ்' என்று கொடுக்கும் சிறு தொகைக்கும் ரசீது வாங்க வேண்டும்.

பதிவுக்கு முந்தைய நாள் வில்லங்கத்தை மீண்டும் ஒரு முறை பார்ப்பது நல்ல வழக்கம். பத்திரத்தில் நான்கு எல்லைகள், புல எண், பரப்பு, பக்க அளவுகள் ஆகியவை புலப்படத்தோடும் தரையில் உள்ள எல்லைக் கற்களோடும் பொருந்த வேண்டும். கட்டடமும் பத்திரத்தில் குறிப்பிடப்பட வேண்டும்; நிலத்தை மட்டும் எழுதினால் வீட்டுக்குக் கொடுத்த விலைக்கு ஆவணம் இல்லாமல் போகும்.

பதிவுக்குப் பின்

பத்திரம் கைக்கு வந்த பின்பும் வேலை முடிவதில்லை. பட்டாவை வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பெரிய மனையின் ஒரு பகுதி என்றால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்த பிறகே தனிப் பட்டா கிடைக்கும். கூட்டுப் பட்டாவோடு நின்றுவிட்டால் மறுவிற்பனையின்போது மற்றவர்களோடு சிக்கல் வரும். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றிலும் பெயர் மாற வேண்டும்.

கட்டடக் குறைக்குக் கட்டுநர் பொறுப்பேற்க மறுத்தால், ரெராவில் பதிவான திட்டத்துக்கு ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம். பதிவுக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு நுகர்வோர் ஆணையம் உள்ளது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமும் அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையமும் விசாரிக்கும். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நில உரிமை பற்றிய வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்லும். அது முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த ஆண்டுகளிலும் மாதத் தவணை நிற்பதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வழக்கறிஞரிடமும் செலவிடும் சில வாரங்கள் அந்த நிலை வராமல் காக்கும்.